பதின்மூன்றாம் அதிகாரம்

தமிழில் ‘அதிகாரம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. ஆளும் வலிமையையும் அது குறிக்கும்; நூலின் ஒரு பகுதியையும் குறிக்கும். திருக்குறளின் பகுதிகளை அதிகாரம் என்கிறோம். கிறித்துவத் திருமறையைத் தமிழில் பெயர்த்தோரும் அதன் பகுதிகளுக்கு அப்பெயரையே சூட்டினர். அத்திருமறையின் புதிய ஏற்பாட்டில் உள்ள இரண்டு பதின்மூன்றாம் அதிகாரங்கள் அருகருகே வைத்துக் கற்கத்தக்கவை.

ஒன்று, உரோமாபுரியில் வாழ்ந்த கிறித்துவர்க்குப் பவுல் எழுதிய மடலில் வருவது. ஆள்வோர்க்குக் கீழ்ப்படிக என்று அது தொடங்குகிறது. ஆளும் உரிமை இறைவனிடமிருந்து வருவது, அதனை எதிர்ப்பது இறைவனின் அமைப்பை எதிர்ப்பதாகும் என்று தொடர்கிறது. மற்றொன்று, திருமறையின் இறுதி நூலாகிய திருவெளிப்பாட்டில் உள்ளது. கடலினின்று எழும் கொடிய விலங்கொன்றை அது காட்டுகிறது. பூவுலகே அவ்விலங்கின் வலிமையைக் கண்டு வியந்து அதனை வணங்குகிறது. உரோமப் பேரரசையே அவ்விலங்கு உருவகிக்கிறது என்பது விவிலிய அறிஞர் பலரின் துணிபு. ஆக, ஒரே அரசு ஓரிடத்தில் இறைவனின் பணியாளாகவும், மற்றோரிடத்தில் இறைவனைப் பழிக்கும் விலங்காகவும் காட்சி தருகிறது. திருமறையை அதிகாரங்களாகப் பிரித்தது கி.பி. 13ஆம் நூற்றாண்டிலேதான், ஆதலின், எண் ஒன்றாக அமைந்தது தற்செயலே. அரசர்களும் படைத்தலைவர்களும் முதலாவதையே விரும்பி ஓதினர், பிறரையும் ஓதச் செய்தனர் என்பது தற்செயலன்று.

அரச அதிகாரத்தைப் பற்றிய ஐயம் திருமறைக்குப் புதியதன்று. பழைய ஏற்பாட்டில், பிற இனத்தாரைப் போலத் தங்களுக்கும் ஓர் அரசன் வேண்டுமென இசுரவேலர் கேட்டபோது, முதியவராகிய சாமுவேல் அவர்களை எச்சரித்தார். அரசன் உங்கள் மைந்தரைத் தன் தேர்களுக்கும் குதிரைகளுக்கும் பிடித்துச் செல்வான்; நல்ல வயல்களைப் பறித்துத் தன் ஏவலர்க்குக் கொடுப்பான்; விளைச்சலில் பத்திலொரு பங்கு கொள்வான் என்று அவர் அடுக்கிக் காட்டியவை யாவும் படைபலம் நாடும் அரசின் இலக்கணங்களே. வாள்கள் கொழுமுனைகளாக அடிக்கப்படும் காலத்தை எசாயா பாடினார். போர்க்குதிரையை விடுத்துக் கழுதைமேல் வரும் மன்னனைச் செக்கரியா கண்டார். இயேசு எருசலேமுக்குள் அவ்வாறே நுழைந்தார். தம்மைப் பிடிக்க வந்தோரை வெட்டிய பேதுருவை வாளை உறையில் இடுமாறு பணித்தார். இவற்றையெல்லாம் கற்ற ஒருவர் தம் நாட்டு அரசு ‘போருக்கு வா’ என அழைக்குங்கால் என்ன செய்வார்?

கி.பி. 295ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 12ஆம் நாள் இவ்வினா ஓர் இளைஞரின்முன் எழுந்தது. இன்றைய அல்ஜீரிய நாட்டில், அன்றைய உரோம மாநிலமாகிய நுமிதியாவில், தெபெஸ்தே என்னும் ஊர். படையினரின் மைந்தர் படையிற் சேர்ந்தே ஆகவேண்டும் என்பது அந்நாளைய சட்டம். விக்டர் என்பாரின் மகன் மாக்சிமிலியான் ஆளுநர் தியோனின்முன் நிறுத்தப்பட்டார். உயரம் அளந்தனர், உரோம அளவில் ஐந்தடி பத்தங்குலம் இருந்தது. பேரரசரின் முத்திரை பொறித்த ஈயவில்லையை அவர்தம் கழுத்தில் அணிவிக்க முயன்றனர். தாம் கிறித்துவர் என்றும், இவ்வுலகப் படையில் தம்மாற் பணிபுரிய இயலாது என்றும் அவர் மறுத்தார்.

அவ்வழக்கின் குறிப்பாக நமக்குக் கிடைத்துள்ள ஏட்டில் ஆளுநர் கேட்கும் ஒரு கேள்வி கருதற்பாலது. பேரரசர்களின் மெய்க்காவற் படையிலேயே கிறித்துவர் பலர் பணிபுரிகின்றனரே, அவர்கள் மட்டும் கிறித்துவர் அல்லரோ என்று அவர் வினவுகிறார். தக்கது எதுவென அவர்கள் அறிவர், தம்மால் தீமை செய்ய இயலாது என்பதே இளைஞரின் விடை. பிறரை அவர் பழிக்கவில்லை. பிறரைக் காட்டித் தம்மை விலக்கிக்கொள்ளவும் இல்லை. மகனுக்கு அறிவுரை கூறுமாறு ஆளுநர் தந்தையைப் பணித்தார். தனக்கு நல்லது எதுவென அவன் அறிவான் என்று தந்தை கூறிவிட்டார். தலை வீழும் முன்னர், படையிற் சேரும் மகனுக்கெனத் தந்தை செய்துவைத்த புத்தாடையைத் தம்மை வெட்டப்போகும் கொலையாளிக்குக் கொடுத்துவிடுமாறு மாக்சிமிலியான் வேண்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

ஆளுநரின் கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. மூன்றாம் நூற்றாண்டில் கிறித்துவர் பலர் உரோமப் படையில் இருந்தனர். கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியன், பேதுரு வாளை உறையிலிட்ட நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டிப் படைத்தொழில் தகாது என வாதிட்டார் என்றால், தகும் எனக் கொண்டு சென்றோர் அவர் காலத்திலேயே இருந்தனர் என்பதுதானே பொருள்? தொடக்கத் திருச்சபை முழுவதும் ஒரே குரலில் போரை மறுத்தது என்று எழுதுவோர் வரலாற்றை எளிமையாக்கிவிடுகின்றனர்.

பின்னர் நிகழ்ந்ததை விரைந்து கூறிவிடலாம். 312இல் கான்ஸ்டன்டைன் வென்றார். 313இல் கிறித்துவம் உரிமை பெற்றது. அந்நூற்றாண்டு முடியுமுன் அதுவே அரச சமயமாயிற்று. 416இல் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ், பழைய தெய்வங்களை வணங்குவோர்க்கு அரசின் படைப்பணியிலும் ஆட்சிப்பணியிலும் இடமில்லை என்று சட்டம் செய்தார். மாக்சிமிலியான் கிறித்துவராதலாற் படையை மறுத்து மாண்ட நாளிலிருந்து, கிறித்துவரல்லாதார்க்குப் படையில் இடமில்லையான நாள்வரை கழிந்தவை 121 ஆண்டுகளே. நூல் மாறவில்லை, நூலைக் கையில் ஏந்தியவர் இருந்த இடம் மாறிற்று. அதன்பின் உரோமையர் மடலின் பதின்மூன்றாம் அதிகாரம் அரண்மனைகளின் விருப்பப் பாடமாயிற்று. 1525இல் செர்மானிய உழவர் கிளர்ந்தெழுந்தபோது, மார்ட்டின் லூதரும் அவ்வதிகாரத்தைக் கொண்டே அவர்களை ஒடுக்குமாறு இளவரசர்களைத் தூண்டினார். திருமறையை உழவர் கையில் செர்மன் மொழியில் கொடுத்தவரும் அவரே என்பதை எண்ணுங்கால் வியப்பும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன.

நான்கு நூற்றாண்டுகள் கழித்து, அதே செர்மன் மொழி பேசும் மண்ணில், இவ்வழக்கு மிகக் கொடிய வடிவில் மீண்டும் விசாரணைக்கு வந்தது.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். 1934 ஆகஸ்டுத் திங்கள் 2ஆம் நாள் முதற்கொண்டு செர்மானியப் படைவீரர் ஒவ்வொருவரும் நாட்டுக்கன்றி, அரசியற் சட்டத்துக்கன்றி, இட்லர் என்னும் தனி மனிதருக்கு எல்லையற்ற கீழ்ப்படிதலை வாக்களித்தனர். அதுவும் இறைவனைச் சான்றாக வைத்து. கடவுள் நம்மோடு என்னும் தொடர், படைவீரர்தம் இடைவாரின் உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. திருமறையில் அக்கருத்து ஒரு குழந்தையின் பிறப்போடு தொடர்புடையது. இடைவாரில் அதன்கீழே தொங்கியது துப்பாக்கிச் சனியன்.

எனினும், அந்த ஆட்சிக்குத் திருமறையைக் கண்டு ஓர் அச்சமும் இருந்தது. ஆட்சியை ஆதரித்த ‘செர்மன் கிறித்துவர்’ என்னும் பிரிவினர் 1933 நவம்பரில் பெர்லினில் மாபெரும் கூட்டம் கூட்டினர். பழைய ஏற்பாட்டைத் திருச்சபையிலிருந்து நீக்க வேண்டும் என்று அதில் முழங்கினர். சாமுவேலும் எசாயாவும் யூதர்களாயிற்றே! 1939இல் ஐசனாக் நகரில், செர்மானியத் திருச்சபை வாழ்விலிருந்து யூதச் சாயலை அகற்றுவதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1940இல் அது யூதத் தொடர்புகளை வெட்டியெறிந்த ஒரு புதிய ஏற்பாட்டையும் அச்சிட்டு வெளியிட்டது. ஒரு நூலால் தீங்கில்லை என்று கருதுவோர் அதனை வெட்டித் திருத்த முற்படமாட்டார்கள்.

இதனை எதிர்த்து எழுந்தோரும் இருந்தனர். 1934 மேத் திங்கள் இறுதியில் பார்மன் நகரில் கூடிய சீர்திருத்தச் சபையினர், கார்ல் பார்த் என்னும் இறையியலாளரைப் பெரிதும் சார்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டனர். அதன் ஆறு கூற்றுகளும் திருமறை வசனங்களையே முகப்பாகக் கொண்டவை. அரசு மனித வாழ்வு முழுமைக்கும் ஒரே ஒழுங்காகிவிட இயலாது என்பது அதன் ஐந்தாம் கூற்றின் சாரம். துணிவான அறிக்கையே, ஆயினும், துன்புற்ற யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அக்குறையைப் பிற்காலத்திற் பார்த்தே ஒப்புக்கொண்டார். போர் வந்தபோது, அவ்வறிக்கையை ஏற்ற போதகரிற் பெரும்பாலோர் அழைப்பாணை பெற்றுப் படைக்குச் சென்றனர். படைப்பணியை மறுத்த எர்மன் ஸ்டோர் என்னும் சீர்திருத்தச் சபையினர் 1940 ஜூன் 21இல் கொல்லப்பட்டபோது, அவர் சபை அவருக்குத் துணைநிற்கவில்லை. சமயக் காரணம் கூறிப் படையை மறுத்துக் கொலையுண்டோரிற் பெரும்பாலோர், பெருஞ்சபைகள் மதிக்காத யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறு குழுவினரே.

இவர்களுக்கிடையே, எக்குழுவையும் சாராமல், எவர் ஆதரவும் இன்றி நின்ற ஓர் உழவரின் வரலாறு தனியே நின்று கற்கத்தக்கது.

பிரான்ட்ஸ் யேகர்ஸ்டெட்டர் 1907 மே 20இல், மேல் ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இட்லர் பிறந்த பிரவுனாவும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. தாய் மணமாகாத பண்ணைப் பணிப்பெண். பெற்ற தந்தை முதல் உலகப் போரில் மாண்டார். 1917இல் தாயை மணந்த உழவர் ஒருவர் சிறுவனை மகனாக ஏற்றுத் தம் பெயரைத் தந்தார். ஊரில் இருந்தது ஓராசிரியர் பள்ளி. ஏழு வகுப்புகளுக்கும் ஓர் ஆசிரியர். ஐம்பது அறுபது பிள்ளைகள். ஒருபுறம் எழுத்தறியாச் சிறாரையும் மறுபுறம் கணக்குப் போடும் பிள்ளைகளையும் ஒருங்கே மேய்க்கும் ஆசிரியரின் நிலையை அப்பணி செய்தோரே அறிவர்! யேகர்ஸ்டெட்டர் பெற்ற கல்வி அவ்வளவே. ஆனால், புது உறவாக வாய்த்த பாட்டனார் வீட்டில் நூல்கள் இருந்தன. அவர் படிக்கும் பழக்கத்திற் படிந்தார். நூல் படியாதவர் தம் காலில் நிற்க மாட்டாது பிறர் கருத்துக்கு விளையாட்டுப் பொருளாவர் என்னும் பொருள்பட, பிற்காலத்தில் இளையவர் ஒருவருக்கு மடல் எழுதியிருக்கிறார்.

அவர் இளமையிலேயே துறவுள்ளம் கொண்டவர் அல்லர். ஊரில் முதன்முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். இளைஞர் சண்டைகளிற் கலந்தவர். இரும்புச் சுரங்கத்தில் உழைத்தவர். மணவாழ்வுக்கு முன்னரே ஒரு பெண்மகவுக்குத் தந்தையானவர். புனிதர் வரலாறு எழுதுவோர் இவற்றை மறைக்க விரும்பக்கூடும், மறைக்கத் தேவையில்லை. 1936இல் பிரான்சிஸ்காவை மணந்தார். திருமணம் முடிந்ததும் இருவரும் உரோமாபுரிக்குச் சென்று வந்தனர். அதன்பின் பண்ணை வேலைகளுக்கிடையே கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து திருமறை படிப்பது வழக்கமாயிற்று. மூன்று பெண்மக்கள் பிறந்தனர்.

1938 ஜனவரியில் அவர் ஒரு கனவு கண்டார். அழகிய புகைவண்டி ஒன்று மலையைச் சுற்றி வருகிறது. பெரியோரும் சிறியோரும் அதில் ஏற ஓடுகின்றனர், தடுப்பார் எவருமில்லை. அவ்வண்டி நரகத்திற்குச் செல்கிறது என்று ஒரு குரல் கேட்கிறது. இட்லரின் இயக்கமே அவ்வண்டி என்று பின்னர் அவர் பொருள் கண்டு எழுதிவைத்தார். இரு திங்களில் செர்மானியப் படை ஆஸ்திரியாவினுள் நுழைந்தது. நாட்டு இணைப்புக்கு இசைவு கேட்கும் வாக்கெடுப்பு ஏப்ரல் 10இல் நடந்தது. ஆம் என வாக்களிக்குமாறு ஆஸ்திரிய ஆயர்களே அறிக்கை விடுத்தனர். நாடு முழுவதும் 99.73 விழுக்காட்டினர் ஆம் என்றதாக அறிவிக்கப்பட்டது. சங்க்ட் ராடெகுண்டில் இல்லை என்ற ஒரே வாக்கு யேகர்ஸ்டெட்டருடையது. ஊரின் பெயருக்கு இழுக்கு என்று கருதினரோ, அஞ்சினரோ, அவ்வொரு வாக்கையும் மறைத்து, ஊரே ஒருமனமாக ஆம் என்றதாக அதிகாரிகள் எழுதிவிட்டனர்.

அவர் ஒருமுறை படையில் இருந்தவரே. 1940 ஜூனில் அழைக்கப்பட்டுச் சில நாள்களில் வீடு திரும்பினார். மீண்டும் அக்டோபரில் அழைக்கப்பட்டு, 1941 ஏப்ரல்வரை பயிற்சி பெற்றார். ஊராட்சியின் வேண்டுகோளால் வேளாண்மைப் பணிக்கென விடுவிக்கப்பட்டார். படையில் இருந்த திங்கள்களே அவர் உள்ளத்தை உறுதியாக்கின. மனநோயாளிகள் கொல்லப்படும் செய்தியும் அவர் செவிக்கு எட்டிற்று. இனி அழைப்பு வந்தால் செல்வதில்லை என்று துணிந்தார். இதற்கிடையில் ஊர்க்கோயிற் பணியாளராகவும் பொறுப்பேற்றார். அரசு தந்த குடும்ப உதவித்தொகையை வாங்க மறுத்தார். தம் பண்ணையிலிருந்து ஏழையர்க்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்.

பகலெல்லாம் உழுதவர் இரவில் குறிப்பேடுகளை எழுதலானார். கற்றோர் நடையன்று அது; கேள்விகளை அடுக்கிச் செல்லும் நடை. உருசியாமீது தொடுக்கப்பட்ட போர் சமயத்தைக் காக்கும் போர் என்று பலர் நம்பினர், பூசகர் சிலரும் நம்பினர். அங்குள்ள கனிவளத்தையும் எண்ணெய்க் கிணறுகளையும் விளைநிலத்தையும் கவர்வதற்கன்றோ இது என்று அவர் கேட்டார். எவ்வகைக் கட்டளைக்கும் கீழ்ப்படிவது நற்பண்பாயின் பாவம் என்பதற்கு என்ன பொருள் எனக் கேட்டார். பொறுப்பு முழுவதும் தலைவருடையது, குடிமகனுக்கு அதிற் பங்கில்லை என்னும் விடையே எங்கும் கிடைத்தது. அவ்விடையின் வேர் உரோமையர் மடலின் பதின்மூன்றாம் அதிகாரத்திலேயே இருந்தது.

எழுதிய வினாக்களுடன் லின்ஸ் நகர ஆயர் யோசேப்பு பிளிசரைக் காணச் சென்றார். பிரான்சிஸ்கா வெளியே காத்திருந்தார். போரின் நேர்மையைத் தீர்மானிப்பது ஒரு குடும்பத் தலைவரின் வேலையன்று என்று ஆயர் அறிவுறுத்தினார். வெளியே வந்த கணவர், தம்மை உளவாளியோ என ஐயுற்றே ஆயர் மனந்திறந்து பேசவில்லை என்று மனைவியிடம் கூறினார். எவ்வளவு தாழ்மையான விளக்கம்! ஊர்ப் பூசகர் ஒருவர் இட்லருக்கு எதிராகப் பேசியமைக்காக 1940இலேயே கைதாகி ஊரைவிட்டு நீக்கப்பட்டவர். பின்வந்த இளம் பூசகர் எப்படியாவது இவர் உயிரைக் காக்கவே முயன்றார். தாயார் அழுதார். பிரான்சிஸ்காவும் முதலிற் கணவரை மாற்ற முயன்றவரே. எல்லாரும் எதிர்க்கும்போது தாமும் எதிர்த்தால் அவருக்கு யாருமே இல்லையே என்று உணர்ந்த நாளில், அவர் பக்கம் நின்றுவிட்டார். இவ்வரலாற்றில் வீரம் ஒருவருடையது மட்டுமன்று.

1943 பிப்ரவரியில் அழைப்பாணை வந்தது. எல்லையோர ஊராகிய தித்மோனிங் புகைவண்டி நிலையத்தில் மனைவி வழியனுப்பினார். மார்ச்சு 1இல் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, ஆயுதம் ஏந்திப் போரிட மாட்டேன் என்று அறிவித்தார், மறுநாள் சிறைப்படுத்தப்பட்டார். லின்ஸில் இரு திங்கள். மே 4இல் பெர்லினின் தேகல் சிறை. சீர்திருத்தச் சபை இறையியலாளர் போன்ஹோபரும் அத்திங்களில் அச்சிறையில் இருந்தார். இன்று உலகெங்கும் கற்கப்படும் மடல்களைப் போன்ஹோபர் எழுதிக்கொண்டிருந்த அதே மதிலுக்குள், எவரும் அறியாத உழவரும் கைவிலங்குடன் எழுதிக்கொண்டிருந்தார். கைகள் பிணிக்கப்பட்டிருப்பது, மனவுறுதி பிணிக்கப்படுவதினும் நன்று என்பது அவ்வேடுகளில் அவர் கொண்ட கருத்து.

ஜூலை 6இல் பேரரசுப் போர் நீதிமன்றம், படைவலியைச் சிதைத்தார் என்னும் குற்றத்துக்காக அவருக்கு இறப்புத் தண்டனை விதித்தது. அத்தீர்ப்பே இவ்வரலாற்றின் அரிய சான்றேடு. குற்றவாளி கூறிய காரணங்களை நீதிபதிகள் அதில் எழுதிவைத்துள்ளனர். இவ்வாட்சியின் கொள்கையும் கத்தோலிக்க நம்பிக்கையும் ஒருவரிடம் ஒருங்கே இருக்க இயலாது. சிலவற்றில் மனிதருக்கன்றி இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும். பிறர்மீது அன்பு செலுத்தும் கட்டளை இருத்தலால் ஆயுதம் ஏந்த ஒண்ணாது. ஆயின், மருத்துவப் பணியாளராகப் பணிபுரிய அணியமாக இருக்கிறார். அம்மருத்துவப் பணி வேண்டுகோளை அவர்கள் ஏற்கவில்லை. ஒரு நூலை வெட்டித் திருத்த நிறுவனம் அமைத்த ஆட்சியின் உச்சப் போர் நீதிமன்றம், அந்நூலின் கட்டளைகள் இரண்டைத் தன் தீர்ப்பிலேயே பதிய வேண்டியதாயிற்று.

இறைவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்பது, எருசலேம் மன்றத்தின்முன் பேதுரு முதலியோர் கூறிய விடை. பிறரன்புக் கட்டளை எங்கே உள்ளது? நற்செய்தி நூல்களில் உண்டு. மோசேயின் சட்டத்திலும் உண்டு. ஆள்வோர்க்குக் கீழ்ப்படியச் சொல்லும் உரோமையர் மடலின் பதின்மூன்றாம் அதிகாரத்திலும் உண்டு! அரசுக்கு இசைவான பகுதி ஏழாம் வசனத்தோடு முடிகிறது. எட்டாம் வசனத்திலிருந்து பவுல் அன்பைப் பேசத் தொடங்குகிறார். கொலை செய்யாமை உள்ளிட்ட கட்டளைகள் யாவும் அதனுள் அடங்கும் என்கிறார். பிறருக்குத் தீங்கு செய்யாமையே அன்பு என்று பத்தாம் வசனத்தில் முடிக்கிறார். அதற்கு முந்திய பன்னிரண்டாம் அதிகாரத்தின் இறுதியிலோ, பசித்த பகைவனுக்கு உணவளிக்கச் சொல்கிறார். ஒரே மடலாக எழுதியதை அதிகாரங்களாக வெட்டியதன் தீங்கு இதுதான். முன்னும் பின்னும் மறைத்துவிட்டு நடுவே ஏழு வசனங்களைப் பிடித்துக்கொள்வது எளிதாகிவிடுகிறது. மாணவர்க்குச் செய்யுளைப் பிரித்துப் பாடமாகத் தரும் ஆசிரியர்களும் இவ்விடரை அறியாதவர் அல்லர்.

அரசு வழங்கிய வழக்கறிஞர் மனமுள்ளவர். அவர் ஏற்பாட்டில் ஜூலையில் பிரான்சிஸ்காவும் ஊர்ப் பூசகரும் பெர்லினுக்கு வந்து சிறையாளியைச் சில நிமிடங்கள் கண்டனர். அப்போதும் மனத்தை மாற்றிக்கொள்ளுமாறு பூசகர் வேண்டினார். மாறவில்லை. இட்லருக்கு உறுதிமொழி கூற மறுத்த ரைனிஷ் என்னும் துறவி முந்திய ஆண்டு கொல்லப்பட்ட செய்தியைச் சிறைப் பூசகர் கூறியபோதுதான், தாம் தனியர் அல்லர் என்று யேகர்ஸ்டெட்டர் ஆறுதல் கொண்டார். 1943 ஆகஸ்டு 9, பிற்பகல் 4 மணி. பிராண்டன்பர்க் சிறையிற் கொலைப்பொறியால் அவர் தலை துண்டிக்கப்பட்டது. வயது முப்பத்தாறு.

போர் முடிந்ததும் உண்மை உடனே வென்றதாக எண்ணுவது தவறு. அருட்சகோதரியர் காத்துவைத்த சாம்பல் 1946 ஆகஸ்டு 9இல் ஊர்க்கோயிற் சுவரருகே புதைக்கப்பட்டது. அவ்வாண்டில் லின்ஸ் மறைமாவட்டச் சமய இதழ் அவரைப் பற்றிய ஒரு கட்டுரையை வெளியிட விரும்பியபோது ஆயர் பிளிசர் இசையவில்லை. தம் கடமை எனக் கருதிப் போரிட்டு மாண்ட இளைஞரே மேலான வீரர் என்பது அவர் வாதம். ஊராரும் வேறுபட நினைக்கவில்லை. தத்தம் பிள்ளைகளைப் போர்க்களத்தில் இழந்த வீடுகள் அவை. இவர் செய்தது சரியெனில் அப்பிள்ளைகள் செய்தது என்ன என்னும் வினாவை அவர்களால் தாங்க இயலவில்லை. மாக்சிமிலியானிடம் ஆளுநர் கேட்ட கேள்வியே அது; திசைதான் மாறியிருந்தது. பிறர் செய்கின்றனரே என்று ஆளுநர் கேட்டார். பிறர் செய்தனரே என்று ஊர் கேட்டது. கணவரைக் கெடுத்தவர் இவரே என்ற பழி பிரான்சிஸ்காமீது விழுந்தது. போரில் மாண்டோரின் கைம்பெண்களுக்கு உரிய உதவித்தொகை 1950வரை அவருக்கு மறுக்கப்பட்டது.

வெளியூரார் ஒருவரே அவரை உலகிற்கு உணர்த்தினார். கோர்டன் சான் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர், செர்மானியக் கத்தோலிக்கர் போரை ஆதரித்தமையை ஆராயும்போது இப்பெயரைக் கண்டார். சங்க்ட் ராடெகுண்டுக்குச் சென்று ஊராரைக் கண்டு பேசி, 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வத்திக்கான் இரண்டாம் பொதுச்சங்கத்தில் போர் பற்றிய பகுதி ஆராயப்பட்டபோது, பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் யேகர்ஸ்டெட்டரின் வரலாற்றைச் சான்றாக எழுப்பினார். மனச்சான்றின்படி ஆயுதம் ஏந்த மறுப்போர்க்குச் சட்டங்கள் மனிதநேயத்துடன் வழிசெய்தல் வேண்டும் என்று அச்சங்கம் 1965இல் எழுதியது. எழுத்துப் பயிற்சியற்ற உழவரின் கேள்விகள் அத்தனை தொலைவு சென்றன.

1997 மே மாதம் பெர்லின் நீதிமன்றம் 1943ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் லின்ஸ் மறைமாவட்டம் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கும் விசாரணையைத் தொடங்கிற்று. அப்போதைய ஆயரின் பெயர் மாக்சிமிலியான் என அமைந்தது இனிய ஒற்றுமை. 2007 அக்டோபர் 26இல் லின்ஸ் பேராலயத்தில் அவ்வறிவிப்பு நிகழ்ந்தபோது, தொண்ணூற்று நான்கு வயதான பிரான்சிஸ்கா தம் மகள்மாருடன் முன்னிருந்தார். கணவர் எழுதிய மடல்களையும் குறிப்பேடுகளையும் அத்தனை ஆண்டுகள் பாதுகாத்துவைத்தவர் அவரே. கணவருக்குப்பின் ஊர்க்கோயிற் பணியை ஏற்று நெடுங்காலம் செய்தவரும் அவரே. 2013 மார்ச்சு 4இல் நூறு வயது நிரம்பி, பன்னிரண்டாம் நாள் அவர் கண்மூடினார்.